ஒத்திசைவு என்பது பாதுகாப்பு அன்று

சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து சேர்க்கும் நண்பர்கள் பலர், வீட்டு வழங்கியின் வன்தட்டையும் கூகுள் டிரைவையும் இருவழியில் ஒத்திசைய விட்டு, ‘இரண்டு பிரதிகள் உள்ளன’ என நிம்மதி கொள்கிறார்கள். உண்மையில் இருப்பது ஒரே பிரதி. அது இரண்டு இடங்களில் தெரிகிறது, அவ்வளவே. இங்கே கைதவறி அழித்தது அங்கும் அழியும். அங்கே மேலெழுதிக் கெடுத்தது இங்கும் வந்து சேரும். ஆர்குளோனின் இருவழி ஒத்திசைவு, நாம் வேறு வரம்பு விதிக்காதவரை, பாதிக்கு மேற்பட்ட கோப்புகள் ஒரேயடியாக மறைந்தால்தான் தயங்கி நிற்கும். பத்து இதழ்கள் மறைவது அதற்குப் பொருட்டன்று. டிரைவின் குப்பைத்தொட்டியோ 30 நாட்களுக்குமேல் காத்திராது.

உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். மடங்களிலும் வீடுகளிலும் அவை தனித்தனியே கிடந்ததால் அது இயன்றது. ஓர் ஏட்டின் சிதைவு மற்றோர் ஏட்டைத் தொடவில்லை.

எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரைக்கு ஒத்திசைவு உதவட்டும். ஆவணத்துக்கு வேண்டியது ஒருவழிப் பிரதி. பழைய வடிவங்களை அழிக்காத பிரதி. இணைப்பைக் கழற்றி வேறொரு வீட்டில் வைத்த வன்தட்டு. இவை இல்லாத தொகுப்பை ‘ஆவணக் காப்பகம்’ என்றழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.