ஊசிக்கு வராத மாணவர்கள்

கல்லூரி மாணவர்கள் தடுப்பூசியில் சிரத்தை காட்டுவதில்லை என்ற குறை எழும்போதெல்லாம், அவர்களுடைய அறியாமையையும் கைப்பேசி வதந்திகளையும் காரணமாகச் சொல்லிப் பலர் திருப்தியடைந்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமானதன்று என்பதே என் அபிப்பிராயம்.

வதந்தியின் சக்தியை நான் மறுக்கவில்லை. 1955இல் ராஜாஜியைப் போன்ற மேதையே காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசியைப் பகிரங்கமாக எதிர்த்த பூமி இது. 2017இல் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் பரவிய பீதியால் பெற்றோர் பலர் தயங்கினார்கள்; அன்று 14 வயதாயிருந்த பிள்ளைகளே 2021இல் கொரோனா ஊசிக்குரிய 18 வயதை எட்டினார்கள். அவ்வாண்டு ஏப்ரலில், ஊசி போட்டுக்கொண்ட இரண்டு நாளில் நடிகர் விவேக் காலமானது, மருத்துவர்கள் சம்பந்தமில்லை என்று விளக்கியும், ஜனங்கள் மனத்தில் தைத்துவிட்டது.

இத்தனைக்கும் பிறகு, செப்டம்பர் 1ஆம் தேதி கல்லூரிகள் திறந்து, ஊசி போட்டிருக்கிறாயா என்ற கேள்வி வாசலிலேயே எழுந்து, முகாமும் வளாகத்துக்குள் வந்தபோது, அதே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஆனால் 2022 ஜூலை 15 முதல் 75 நாள் பூஸ்டர் ஊசியை அரசு இலவசமாகவே கொடுத்தபோது, பயமும் நிர்ப்பந்தமும் நீங்கியிருந்தபடியால், பழைய வேகம் திரும்பவில்லை.

இப்போது கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியைப் பாருங்கள். 14 வயதுச் சிறுமிகளுக்கு அதை இலவசமாகப் போடத் தமிழக அரசு 2025–26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தது மெச்சத்தக்கதே. ஆயினும் அம்பத்தூர் வட்டாரத்தில் கள்ளிக்குப்பத்திலிருந்து மாதனாங்குப்பத்துக்கோ கொரட்டூருக்கோ பஸ் ஏறிப் படிக்கப்போகும் 19 வயதுப் பெண் அந்த வயதைக் கடந்துவிட்டவள். உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக்கே 2023இல் தவணைக்கு 2,000 ரூபாய் விலையில் வந்தது, அவள் வயதுக்கோ மூன்று தவணை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் புதன்கிழமை ஊசி கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்குமே உரியது என்று அவள் நினைப்பதில் தவறில்லை. கல்யாணமாகாத பெண்ணுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்பார்களே என்ற கூச்சம் வேறு. அதற்குச் சுவரொட்டி பதில் சொல்லாது, தாய்மார்களைக் கல்லூரிக்கு அழைத்து ஒரு பெண் மருத்துவர் பேசினால் பதில் கிடைக்கக்கூடும்.

மூன்று தவணையும் ஆறு மாதத்தில் முடிந்துவிடுமாதலால் ஒரே கல்வியாண்டில் அடங்கும் இக்காரியத்தை, விலையில் பாதியையேனும் அரசு ஏற்று, மாநகராட்சிச் செவிலியர்களைக் கல்லூரிகளுக்கே அனுப்பி, அம்பத்தூர் மண்டலத்தில் முதலில் நடத்திப் பார்க்கலாம்.