நீர் என்ன திருடிற்று?

புரதப் பொடியைப் பாலில் கலந்தால்தான் தேகத்தில் ஒட்டும், நீரில் கரைத்தால் காசு வீண் என்பது, கள்ளக்குறிச்சி உடற்பயிற்சிக் கூடங்களில் வேதவாக்கென வழங்கும் சித்தாந்தம்.

1. ஒரு கரண்டிப் பொடியில் 20 கிராம் புரதம் இருப்பின், நீரிலும் அது 20 கிராமே. நீர் எதைத் திருடிற்று?

2. 200 மில்லி பசும்பால் தன் பங்குக்கு ஆறேழு கிராம் புரதம் சேர்ப்பது மெய்யே; ஆயினும் அது பாலின் தானமேயன்றிப் பொடியின் சக்தி பெருகியதன்று.

3. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் ஜீரணத்தைச் சற்றே தாமதப்படுத்துமேயொழிய, புரதத்தைப் பன்மடங்காக்கும் மாயம் எதுவும் அதனிடம் இல்லை.

4. சுடுநீரில் பொடி கட்டிதட்டுவது உருமாற்றம், நாசமன்று; ஆறிய நீரை முதலில் ஊற்றி, பிறகு பொடியிட்டுக் குலுக்கினால் அதுவும் இராது.

5. கல்வராயன் மலையில் விளையும் சாமையை நீரில்தானே வேகவைக்கிறோம். அதன் புரதம் ஆவியாகவா போயிற்று?