பிளஸ் ஒன் சேர்க்கை: எளிதானதைத் தேடுவது சுன்னத்தா?



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்துவிட்டால், சின்னமனூர்ப் பள்ளிவாசல்களில் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரே பேச்சுத்தான்: "பிள்ளையை எந்த குரூப்பில் சேர்ப்பது?" பள்ளிக்கூட ஆசிரியரிடம் கேட்பதற்கு முன்பே மதரஸா ஆசிரியரிடம் வந்து கேட்கும் அத்தாமார்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் நம்மீது வைத்திருக்கும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கைக்கு நாம் ஒருமுறை சரியாகப் பதில் சொல்லவில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் இக்கட்டுரையை எழுதுவது முறையாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் மஃக்ரிபுக்குப் பின் ஒரு சகோதரர் வந்தார். வாழை வியாபாரத்தில் இருப்பவர். மகள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள். கணிதத்தில் நல்ல மதிப்பெண். ஆசிரியை முதல் குரூப்பில் சேரச் சொல்கிறார். பிள்ளையோ, "பிளஸ் ஒன் கணக்கு கஷ்டமாமே, மார்க் குறைந்துவிடுமே" என்று தயங்குகிறாள். அவர் கேட்டார்: "ஹஜ்ரத், இரண்டு வழி இருந்தால் நபி (ஸல்) அவர்கள் எளிதானதைத்தானே எடுப்பார்கள்?" நாமும் சற்றும் யோசியாமல், "ஆம், அப்படித்தான் ஹதீஸ் இருக்கிறது, பிள்ளையைச் சிரமப்படுத்தாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினோம்.

அவள் கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றாள். அப்போதுதான் கணினிப் பொறியியல் படிக்க ஆசை என்று வாய் திறந்தாள். போடிநாயக்கனூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கவே வழியில்லை. அவளுடைய அத்தா மீண்டும் வந்து, "அன்றைக்கு நீங்கள் சொன்னதைத்தானே செய்தோம், ஹஜ்ரத்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நமக்கு அது அப்படித்தான் கேட்டது.

நாம் அறியாமல் பேசிய விஷயம் என்ன என்பதை முதலில் பார்ப்போம். தமிழகத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை நீக்கும் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. அதுமுதல் பொறியியல் சேர்க்கை பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. அதிலும் 600க்கு எவ்வளவு என்று பார்ப்பதில்லை. கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் 'கட் ஆஃப்' தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. எளிதான பாடங்களை எடுத்து 580 வாங்கிய பிள்ளைக்கு அங்கே இடமில்லை. முதல் பிரிவில் சிரமப்பட்டு 480 வாங்கிய பிள்ளைக்கு இடம் கிடைக்கலாம்.

மொழிப்பாடத்திலும் இதே கணக்குத்தான். "குர்ஆன் ஓதும் பிள்ளை, அரபி எடுத்தால் மார்க் அள்ளலாமே, தமிழை விட்டுவிடலாமா?" என்று வெளியூர் உறவினர்கள் சிலர் நம்மிடம் கேட்டதுண்டு. பெருநகரங்களில் பிரெஞ்சு எடுப்போர் பலரின் நோக்கமும் அதுவே. பொறியியல் கட் ஆஃபில் மொழிப்பாட மதிப்பெண் சேர்வதே இல்லை. அரபியை அரபிக்காகப் படியுங்கள். மதிப்பெண்ணுக்காக மட்டும் அதைத் தேடி, தாய்மொழியைக் கைவிடாதீர்கள்.

மருத்துவத்திற்கு நீட் தேர்வு. அதில் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களும் கேட்கப்படும். 2017-18இல் வந்த பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே, அந்த ஆண்டை ஓய்வு ஆண்டாக எண்ணும் பிள்ளைகள் பின்னர் வருந்த நேரிடும்.

இன்னொன்றையும் நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிவுபட்டது. அவ்வாறு சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு 2007 முதல் இருக்கிறது. நாம் மேலே சொன்ன பிள்ளைக்கு இவ்விரண்டு கதவுகளும் திறந்தே இருந்தன. கணிதம் என்ற சாவியைத்தான் பதினைந்து வயதில் அவள் கையிலிருந்து நாம் வாங்கி வைத்துவிட்டோம்.

இனி அந்த ஹதீஸுக்கு வருவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி அது. இரு காரியங்களுக்கிடையே தேர்வு அளிக்கப்பட்டால், பாவமாக இல்லாத வரையில் நபி (ஸல்) அவர்கள் எளிதானதையே எடுத்தார்கள் என்பது அதன் கருத்து. ஊருக்குப் போக இரண்டு பாதைகள் இருந்தால் எளிதான பாதையில் போவது சுன்னத். அந்த ஊருக்கே போகாத பாதையை, எளிதாக இருக்கிறது என்பதற்காகத் தேர்ந்தெடுப்பது சுன்னத் ஆகாது. இந்த வேறுபாட்டைத்தான் நாம் அன்று சொல்லத் தவறினோம்.

எளிமையைப் போதித்த அதே நபி (ஸல்) அவர்கள் பாதங்கள் வீங்கும் அளவுக்கு இரவில் நின்று தொழுதார்கள். யூதர்களின் எழுத்தைக் கற்றுவருமாறு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) என்ற இளைஞருக்குக் கட்டளையிட்டார்கள். அவர் அதை அரை மாதத்தில் கற்றுத் தேர்ந்ததாகத் திர்மிதியில் காண்கிறோம். ஓதத் திணறித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்பதையும் நாம் மக்தபில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். திணறுவது இழிவல்ல என்று அலிஃப், பே படிக்கும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, பிளஸ் ஒன் கணக்கில் திணறுவதை மட்டும் அவமானமாக்கலாமா?

கணிதம் நமக்கு அந்நியமானதும் அல்ல. வாரிசுரிமைப் பாடத்தில் ஒரு கணக்கு வரும். ஒருவர் மனைவி, இரு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டுச் செல்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று, மகள்களுக்கு மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம். சொத்தை 24 பங்காக்கினால் 3, 16, 4, 4 என்று கூட்டுத்தொகை 27 ஆகிவிடுகிறது! ஆகவே 27 பங்காகவே பிரிப்பார்கள். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாக மாறும். அலி (ரலி) அவர்கள் மிம்பரில் நின்றபடியே இதற்கு விடை சொன்னதால் இதற்கு 'மின்பரிய்யா' என்றே பெயர். இயற்கணித நூல் எழுதிய அல் குவாரிஸ்மி, அந்நூலின் பெரும் பகுதியை மரண சாசன, வாரிசுரிமைக் கணக்குகளுக்கே ஒதுக்கினார். இந்தச் சமுதாயத்துப் பிள்ளை கணக்கைக் கண்டு அஞ்சினால், அந்தப் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

இதைப் படித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் முதல் பிரிவில் தள்ளிவிடாதீர்கள். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை. நாமும் சிரமப்படுத்தக் கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்தது என்பதற்காகச் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டும் அழுதுகொண்டே படித்த பிள்ளைகளையும் நாம் பார்த்திருக்கிறோம். வணிகவியல் தாழ்ந்த பிரிவும் அல்ல. ஆடிட்டராக வேண்டும் என்று கணக்குப் பதிவியல் எடுக்கும் பிள்ளை கடினமான பாதையைத்தான் தேர்ந்தெடுக்கிறது. வரலாறு எடுத்து வழக்கறிஞராக எண்ணும் பிள்ளையும் அப்படியே. இரண்டு கேள்விகளைப் பிள்ளையிடம் கேளுங்கள். இந்தப் பாடம் பிடிக்கவில்லையா, அல்லது பயமா? இந்தப் பிரிவை எடுத்தால் எந்தக் கதவு மூடும் என்று தெரியுமா? பிடிக்கவில்லை என்றால் பிள்ளையின் சொல்லைக் கேளுங்கள். பயம் என்றால் துணைக்கு நில்லுங்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் ஒரு சொல். "எப்படியும் நிக்காஹ் செய்யப் போகிறோம், ஏதோ ஒரு குரூப் போதும்" என்ற பேச்சு இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. நாம் அன்று அவசரமாகப் பதில் சொன்னதற்கும் உள்ளூர அதுவே காரணமோ என்று அஞ்சுகிறோம். அந்தச் சகோதரருக்கு ஒரு மகன் இருந்து, அவனுக்காகக் கேட்டிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்போம். அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக.

ஜமாஅத்திற்கும் ஒரு கடமை உண்டு. பக்கத்து உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956இல் எழுந்தது. வசதிகள் குறைந்த அக்காலத்திலேயே நம் முன்னோர் ஒரு கல்லூரியை எழுப்பினார்கள். நம்மால் அத்தனை பெரிய காரியம் இயலாமல் போகலாம். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் மதரஸா அறையைத் திறந்து வைத்து, கணிதம் படித்த நம் இளைஞர் ஒருவரைப் பிளஸ் ஒன் பிள்ளைகளோடு உட்கார வைப்பது இயலாத காரியமா? பெண்பிள்ளைகளுக்கு அஸருக்குப் பின் ஓர் ஆசிரியையை ஏற்பாடு செய்ய முடியாதா? கடினமானதை எடு என்று பிள்ளையிடம் சொல்பவர், அதைச் சுமக்கத் தோள் கொடுக்கவும் வேண்டும்.

அந்தப் பிள்ளை இப்போது பி.காம். படிக்கிறாள், நன்றாகவே படிக்கிறாள், அல்ஹம்துலில்லாஹ். அவளுக்கு எழுதப்பட்ட ரிஸ்க் அவளை வந்தடையும். இந்த ஆண்டு அவளுடைய தங்கை பத்தாம் வகுப்பு முடிக்கிறாள். அவர்களுடைய அத்தா மறுபடியும் நம்மிடம் வந்தால், பதில் சொல்வதற்கு முன் பிள்ளையையும் அழைத்து வரச் சொல்வோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அதிகப்படுத்துவாயாக. அறியாமல் வழிசொல்வதிலிருந்து எங்களைக் காப்பாயாக. ஆமீன்.

வல்லாஹு அஃலம்.