ரோடு யாருக்கு? சைக்கிள்காரருக்காக ஒரு சண்டை

குற்றாலத்தில் சாரல் சீசன் ஜூன் மாதம் தொடங்கும், ஆகஸ்ட் வரை ஓடும். தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். ஆனால் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் அந்த 5 கிலோமீட்டரைக் கடப்பதற்குள் காரில் இருப்பவருக்கு குளிக்கிற ஆசையே போய்விடும். முன்னால் வேன், பின்னால் சுற்றுலா பஸ், நடுவில் ஹாரன். பேரருவியின் சத்தத்தை விட பார்க்கிங்கில் விசில் ஊதுகிற சத்தம்தான் முதலில் காதில் விழும். இதற்குப் பெயர் சுற்றுலாவாம்!

இதே ஊரைச் சுற்றி இன்னொரு உலகம் இருக்கிறது. ஆய்க்குடி, சாம்பவர் வடகரை, சுந்தரபாண்டியபுரம் பக்கம் போகிற ரோடுகள். இலஞ்சி வயல்களுக்கு நடுவே போகிற ரோடு. பண்பொழி திருமலைக் கோயில் அடிவாரத்தைத் தாண்டி மேக்கரை, அடவிநயினார் அணை வரை போகிற ரோடு. ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் தென்னை, எங்கே திரும்பினாலும் மேற்கே மலை. ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் கேரளாவிலிருந்து கார் கார் ஆக வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். 2005-ல் வந்த 'அந்நியன்' படத்துக்காகப் பெயின்ட் அடித்த பாறைகளும் அங்கேதான். வந்தவர்கள் பத்து நிமிடம் நிற்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அந்த ஊர் டீக்கடைக்கு அதனால் பெரிய லாபம் எதுவும் இல்லை.

இந்த ரோடுகள் சைக்கிளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. பெரிய ஏற்றம் கிடையாது. நான்கைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஒரு டீக்கடை. சீசனில் ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று முகத்தில் அறையும், உண்மைதான். மேற்கே போகும்போது மூச்சு வாங்கும். ஆனால் திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். எந்த ரிசார்ட்டிலும் காசு கொடுத்து வாங்க முடியாத சுகம் அது.

ஆனால் பிரச்சினை இயற்கையில் இல்லை, பார்வையில்.

மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் ஸ்ரீதர் வேம்பு சைக்கிள் ஓட்டினால் பத்திரிகையில் படம் வருகிறது. 'எளிமை' என்று தலைப்பு போடுகிறார்கள். நல்ல விஷயம், அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே ரோட்டில் விடிகாலையில் மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போகிறவரும் சைக்கிள்தான் ஓட்டுகிறார். கேனைத் தொங்கவிட்டு பால் ஊற்றப் போகிறவரும் சைக்கிள்தான். அவர்களுக்கு என்ன தலைப்பு? 'ஓரமாப் போய்யா' என்கிற ஹாரன்! பணம் உள்ளவர் ஓட்டினால் எளிமை, இல்லாதவர் ஓட்டினால் ஏழ்மை. இந்தக் கணக்கு எந்தப் பேரேட்டில் எழுதியிருக்கிறது?

அரசாங்கத்தின் கதை இன்னும் வேடிக்கை. தமிழக அரசு 2001-02-ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அரசு, உதவிபெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் என்று அது விரிந்தது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் சைக்கிள்கள். உலகத்தில் எத்தனை அரசுகள் இப்படிச் செய்கின்றன? பாராட்ட வேண்டிய திட்டம், சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் அதை ஓட்ட இடமில்லாத ரோட்டைப் போடுவது என்ன நியாயம்? பழைய தார் மேலேயே புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார். ரோட்டின் ஓரம் அரையடி பள்ளமாக நிற்கிறது. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் அந்தப் பள்ளத்தில்தான் மாணவி சைக்கிளை இறக்க வேண்டும். இறக்கினால் விழுவாள், இறக்காவிட்டால்... சொல்ல வேண்டியதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-ல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட்டார். உத்தரவு போட்டதோடு வேலை முடிந்ததா? கிராமத்து ரோட்டோரத்தைப் போய்ப் பாருங்கள், பதில் கிடைக்கும்.

'காரும் லாரியும் வரி கட்டுகின்றன, சைக்கிள்காரன் என்ன கட்டுகிறான்?' என்று கேட்பவர்கள் உண்டு. சரி, காமர்ஸ் மொழியிலேயே பேசுவோம். முதலில், சைக்கிள் வாங்கும்போதும் ஜிஎஸ்டி உண்டு. சோப்பு, பிஸ்கட் வாங்கும்போதும் அவர் வரி கட்டுகிறார். இரண்டாவது, செலவு யாரால் வருகிறதோ அவர் கணக்கில்தான் அதை எழுத வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் ரோடு போட்டு, அதில் லாரிகளை ஓட்டிப் பெரிய சோதனை செய்தார்கள். அதிலிருந்து கிடைத்த கணக்கு இது: அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால், ரோட்டுக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. அப்படியானால் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு புளியரை வழியாகக் கேரளா போகிற லாரியின் சேதம் எவ்வளவு, சைக்கிளின் சேதம் எவ்வளவு? சைக்கிளின் பங்கைத் தேய்மானக் கணக்கில் எழுதப் பைசாவே போதாது. ரோட்டை உடைக்காதவனைப் பார்த்து 'ரோடு உனக்கில்லை' என்று சொல்வது என்ன தர்மம்?

இங்கிலாந்தைப் பாருங்கள். சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர்களுக்கான சங்கம் அங்கே 1878-லேயே தொடங்கிவிட்டது. 1886-ல் நல்ல ரோடு வேண்டும் என்று தனி அமைப்பு வைத்துப் போராடியவர்களும் சைக்கிள்காரர்கள்தான். அப்போது அந்த நாட்டு ரோட்டில் காரே கிடையாது! அவர்கள் கேட்டு வாங்கிய நல்ல ரோட்டில் கார் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. 2000-ஆம் ஆண்டு போக்குவரத்துச் சட்டத்தில், கிராமத்துச் சின்ன ரோடுகளை 'அமைதிப் பாதை' என்று அறிவிக்க உள்ளாட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். கார் போகலாம், ஆனால் மெதுவாக. நடப்பவரும் சைக்கிள்காரரும் குதிரையில் வருபவரும் அங்கே சமம்.

'அது வெள்ளைக்கார ஊர்' என்பவர்களுக்குப் புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பதும், அப்பாவையோ அண்ணனையோ எதிர்பார்ப்பதும் குறைந்தது. கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆக, சைக்கிள் பொழுதுபோக்கு மட்டுமல்ல. ஒரு பெண் தன் நேரத்தைத் தானே வைத்துக்கொள்கிற வழி.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. புது மாவட்டம் என்றால் உடனே எல்லோரும் கேட்பது அகலமான ரோடு. திருநெல்வேலி ரோட்டை நான்குவழி ஆக்க எத்தனை நிழல் மரங்கள் விழுந்தன என்பதை அந்த வழியில் போனவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரிய ரோடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் அது வேண்டும். ஆனால் எல்லா ரோட்டையும் பெரிய ரோடாக்க வேண்டாம் என்பதுதான் விஷயம்.

செய்ய வேண்டியது கோடிக்கணக்கில் செலவாகும் வேலையும் இல்லை:

1. ஆய்க்குடி, சுந்தரபாண்டியபுரம், இலஞ்சி, பண்பொழி, மேக்கரை பக்கத்துச் சின்ன ரோடுகளில் வேகம் 30-க்கு மேல் கூடாது என்று போர்டு வைத்து, அதை நிஜமாகவே அமல்படுத்துங்கள்.

2. தாருக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்புங்கள். பள்ளிக்கூடம் இருக்கிற ரோடுகளில் முதலில்.

3. காலையில் பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசி வந்திறங்குபவருக்கு ஸ்டேஷன் வாசலிலேயே வாடகை சைக்கிள் கிடைக்கட்டும். ஒரு காலத்தில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடை இல்லாத ஊரே தமிழ்நாட்டில் கிடையாது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், பழையதைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும். காரில் வருகிறவர் அருவிக்கரையில் மட்டும் செலவு செய்வார். சைக்கிளில் வருகிறவர் வழியில் உள்ள ஊர்களில் எல்லாம் டீயும் வடையும் இளநீரும் வாங்குவார்.

இது ஏதோ ஊர் சுற்றிகளின் ஆசை என்று நினைப்பவர்கள், பள்ளி விடுகிற நேரத்தில் அந்த ரோடுகளில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். அரசு கொடுத்த சைக்கிளில், முதுகில் பையோடு, மூன்று பேர் பேசிக்கொண்டே வருவார்கள். லாரி ஹாரன் கேட்டதும் பேச்சு நிற்கும். மூவரும் ஒரே வரிசையாகி, அந்த அரையடிப் பள்ளத்தின் விளிம்பில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பார்கள். ரோடு யாருக்கு என்று அவர்களிடம் கேளுங்கள்.