பிரென்ட் ஏறினா 3 ரூபாய் ஷேர் ஏன் ஏறணும்?

2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. ஈரான் மீது இஸ்ரேல் தாக்குதல் நடத்திய செய்தி, மும்பையில் பங்குச் சந்தை திறப்பதற்கு முன்பே எல்லா போன்களுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பிரென்ட் கச்சா எண்ணெய் ஒரு கட்டத்தில் 13 சதவீதம் வரை எகிறியது. அன்றைய முடிவில் சுமார் 7 சதவீத ஏற்றத்துடன் பேரலுக்கு 74 டாலர் அருகே நின்றது. உலகின் எண்ணெய்ப் பயன்பாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடந்துபோகும் ஹோர்முஸ் ஜலசந்தியை மூடிவிடுவார்களா என்பதுதான் அப்போது பெரிய கேள்வி. போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்ட 24-ம் தேதி அதே பிரென்ட் 67 டாலருக்கு வந்துவிட்டது. தாக்குதலுக்கு முந்தைய நாள் விலையைவிட இது குறைவு.

எண்ணெய் இப்படிச் சூடாகும்போதெல்லாம் வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ஒரே மாதிரி மெசேஜ் சுற்ற ஆரம்பிக்கும். 'க்ரூட் ஏறுது, இந்த 3 ரூபாய் ஷேரை இப்பவே புடிங்க' என்பதுதான் அது. பெயரில் 'பெட்ரோ' அல்லது 'ஆயில்' என்று இருந்தால் போதும். அந்த நிறுவனம் எண்ணெய் எடுக்கிறதா, விற்கிறதா, இல்லை சமையல் எண்ணெய் பிழிகிறதா என்று பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது.

பெயரைப் பார்த்து வாங்குவது நம் சந்தைக்குப் புதிதல்ல. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்கு நாடே அல்லாடியபோது, 'பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ்' பங்கு அப்பர் சர்க்யூட் மேல் அப்பர் சர்க்யூட்டாக ஏறியது. அந்த நிறுவனம் 2019-லேயே வாயுத் தயாரிப்பை நிறுத்திவிட்டது. அப்போது அது வெறும் முதலீட்டு நிறுவனம். அது சில்லறை விலைப் பங்குகூட இல்லை, ஒரு பங்கே ஆயிரக்கணக்கில் விற்றது. அதற்கே இந்தக் கதி!

எண்ணெய்க்கும் பங்குக்கும் நடுவில் என்ன இருக்கு?

எண்ணெய் விலை ஒரு பங்கை அசைக்க வேண்டும் என்றால், அது அந்த நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் எங்காவது நுழைய வேண்டும். ஓஎன்ஜிசி கச்சா எண்ணெயை எடுத்து விற்கிறது, அதனால் விலை ஏறினால் வருமானம் ஏறும். விமான நிறுவனங்களுக்கு எரிபொருள்தான் மிகப்பெரிய செலவுகளில் ஒன்று. பெயின்ட் நிறுவனங்களின் மூலப்பொருள்களில் பெரும்பகுதி பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. இங்கெல்லாம் தொடர்பு தெளிவு. ஜூன் 13 காலையிலும் ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா ஏறின. எண்ணெய் விற்பனை நிறுவனங்களும் விமானப் பங்குகளும் இறங்கின.

ஆனால் இந்தத் தெளிவான இடத்திலேயே கணக்கு அடிக்கடி தப்பும். 2022 ஜூலை 1-ம் தேதி எண்ணெய் விலை 100 டாலருக்கு மேல் இருந்தது. 'ஓஎன்ஜிசிக்கு யோகம்' என்று நினைத்தவர்களுக்கு அன்று காலை அரசிடமிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. உள்நாட்டில் எடுக்கும் கச்சா எண்ணெய்க்கு டன்னுக்கு 23,250 ரூபாய் கூடுதல் வரி. அன்று ஒரே நாளில் ஓஎன்ஜிசி பங்கு 13 சதவீதம் சரிந்தது. அதே ஆண்டு ஏப்ரல்-ஜூன் காலாண்டில், பங்க்கில் பெட்ரோல், டீசல் விலையை ஏற்றாமல் பிடித்து வைத்ததால், ஹெச்பிசிஎல் மட்டும் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் காட்டியது.

ஆக, எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சரியாகக் கணித்தாலும் டெல்லி என்ன செய்யும் என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கே நிலைமை இதுதான். எந்த அனலிஸ்ட்டும் பின்தொடராத, மியூச்சுவல் ஃபண்டுகள் திரும்பியும் பார்க்காத 3 ரூபாய் பங்குக்குள் ஹோர்முஸ் செய்தி எந்த வழியாகப் போகும்? பெரும்பாலும் போகாது. அப்படியும் அன்று அந்தப் பங்கு ஏறுகிறது என்றால், எண்ணெயைக் காரணம் காட்டி யாரோ ஏற்றுகிறார்கள் என்று சந்தேகப்படுவதுதான் புத்திசாலித்தனம்.

இதுவும் வெறும் கற்பனை இல்லை. 2023 மார்ச்சில் 'சாதனா பிராட்காஸ்ட்' பங்கு விவகாரத்தில் செபி இடைக்கால உத்தரவு போட்டு 31 பேரைச் சந்தையிலிருந்து விலக்கி வைத்தது. பெரிய குழுமம் ஒன்று அந்த நிறுவனத்தை வாங்கப்போகிறது என்ற ரீதியில் யூடியூப் வீடியோக்கள் ஓடின. அதை நம்பி சிறு முதலீட்டாளர்கள் உள்ளே வந்தார்கள். கையில் பங்கு வைத்திருந்தவர்கள் ஏறிய விலையில் விற்றுவிட்டுப் போனார்கள் என்பதுதான் செபி சொன்னது. அங்கே கதை கையகப்படுத்தல். எண்ணெய் எகிறும் வாரத்தில் கதையைக்கூட யோசிக்க வேண்டியதில்லை, டிவியே இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும்.

உள்ளே போகலாம், வெளியே?

3 ரூபாய்க்கு ஆயிரம் பங்கு கிடைக்குதே என்பதுதான் இளைஞர்களை இழுக்கிறது. ஆனால் விலை குறைவு என்பதும் மலிவு என்பதும் வேறு வேறு. பங்கு எண்ணிக்கையைக் கூட்டினால் எந்த நிறுவனத்தின் பங்கு விலையையும் 3 ரூபாய்க்குக் கொண்டுவர முடியும்.

செலவையும் பாருங்க. டீமேட்டில் இருக்கும் பங்கை விற்றால், எத்தனை பங்கு என்ற கணக்கில்லாமல் ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டிபி கட்டணம் பிடிப்பார்கள். புரோக்கரைப் பொறுத்து மாறும், சுமார் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 2 ரூபாய் பங்கில் 500 வாங்கினால் மொத்தம் 1,000 ரூபாய். அந்தப் பங்குக்கு 2 சதவீத சர்க்யூட் இருந்தால், ஒரு நாளில் அதிகபட்சம் 20 ரூபாய்தான் கூடும். அதில் 15 ரூபாய் டிபி கட்டணத்துக்கே போய்விடும். மீதி 5 ரூபாயில் எஸ்டிடி வேறு கழியணும்.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல், வெளியே வருவது. லோயர் சர்க்யூட்டில் சிக்கிய சில்லறைப் பங்கில் வாங்குபவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருந்தாலும் எதிரே ஆள் இல்லாதபோது அது என்ன செய்யும்? நாள் முழுக்க ஆர்டர் வரிசையில் நிற்கும், மறுநாள் விலை இன்னொரு படி கீழே திறக்கும்.

செய்தி தெரிந்தும் வெளியே வர முடியாமல் போவது எப்படி இருக்கும் என்பதை 2020 ஏப்ரல் 20 காட்டியது. அன்று அமெரிக்க டபிள்யூடிஐ கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. லாக்டவுனால் இந்தியாவின் எம்சிஎக்ஸ் சந்தை அப்போது மாலை 5 மணிக்கே மூடிவிடும். அமெரிக்காவில் விலை பாதாளத்துக்குப் போனது அதற்குப் பிறகு, நம் இரவில். இங்கே வாங்கி வைத்திருந்தவர்கள் போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள், விற்க வழியில்லை. கடைசியில் எம்சிஎக்ஸ் அந்த ஒப்பந்தத்தை பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாயில் தீர்த்து வைத்தது.

சாதாரண நாளிலும் நேரம் நமக்கு எதிராகத்தான் இருக்கு. அமெரிக்காவின் வாராந்திர எண்ணெய் கையிருப்பு விவரம் வழக்கமாகப் புதன்கிழமை இரவு, நம் நேரப்படி 8 அல்லது 9 மணிக்கு வரும். ஒபெக் பிளஸ் கூட்டங்கள் பல முறை ஞாயிற்றுக்கிழமை நடக்கின்றன. நம் பங்குச் சந்தை மாலை 3:30-க்கு மூடிவிடும். மறுநாள் காலை 9:15-க்குத் திறக்கும்போது செய்தி ஏற்கெனவே விலையில் உட்கார்ந்திருக்கும். போன் திரையில் சிவப்பு எழுத்தில் 'பிரேக்கிங்' வந்ததும் ஓடுபவர், வரிசையில் கடைசி ஆள்.

இன்ட்ராடே செய்தவர்களின் கதியை 2024-ல் வெளியான செபி ஆய்வு சொல்கிறது. 2022-23 நிதியாண்டில் பங்குச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10-க்கு 7 பேர் நஷ்டப்பட்டார்கள். 30 வயதுக்கு உட்பட்டவர்களில் நஷ்டப்பட்டவர்கள் 76 சதவீதம்.

எண்ணெய்ச் செய்தியைப் பின்தொடர்வது தப்பில்லை. ரூபாய் மதிப்பு, விலைவாசி, வட்டி விகிதம் என்று எல்லாவற்றிலும் அதன் கை இருக்கு; தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு இது. அந்தச் செய்தியை வைத்துப் பணம் போட்டே ஆகணும் என்றால், எண்ணெய் நிஜமாகவே கணக்கில் வரும் நிறுவனங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதிலும் ஒரு காலாண்டு முடிவு வரும் வரை காத்திருக்கத் தயாராக இருக்கணும்.

அப்படியும் அந்த 3 ரூபாய் பங்குதான் வேணும் என்பவர்கள், ஆர்டர் போடும் முன் என்எஸ்இ, பிஎஸ்இ தளங்களில் அது ஏஎஸ்எம், ஜிஎஸ்எம் கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறதா, 'டிரேட் டு டிரேட்' பிரிவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டிரேட் டு டிரேட் என்றால் இன்ட்ராடே கிடையாது. வாங்கிய பங்கு டீமேட்டுக்கு வந்த பிறகுதான் விற்கலாம். காலையில் ஹோர்முஸ் செய்தி பார்த்து வாங்கி, மாலைக்குள் பதற்றம் தணிந்து எண்ணெய் இறங்கினாலும், அன்று அந்தப் பங்கு உங்கள் கையிலேயேதான் இருக்கும்.