அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு: கொஞ்சம் பொறுங்க மக்களே

ரெண்டு வாரமா எங்க குடும்பத்துல ஒரே பஞ்சாயத்து. நியூ ஜெர்ஸியில இருக்கற அக்காவுக்கு போன வருஷம் சிட்டிசன்ஷிப் கிடைச்சுது. கிடைச்ச கையோட, "அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு போட்டுடறேன், இனிமே ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும்"னு ஆரம்பிச்சுட்டா. நான் வேண்டாம்னேன். அன்னிலேர்ந்து குடும்பத்துக்கு நான்தான் நம்பியார் :-)

நான் டல்லாஸ் பக்கம் எச்-1பியில பொட்டி தட்டறவன். நான் ஆசைப்பட்டாலும் பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்ய முடியாது. கிரீன் கார்டு வச்சிருந்தாலும் முடியாது. 21 வயசு தாண்டின சிட்டிசனாலதான் முடியும். அதனால முடிவு அக்கா கையில. ஆனா வாய் என் கையில இருக்கே, அதான் இந்தப் பதிவு.

அப்பாவுக்கு 67, அம்மாவுக்கு 62. கும்பகோணத்துல சொந்த வீடு. அப்பா தபால் இலாகாவுல வேலை பார்த்து ரிடையர் ஆனவர், பென்ஷன் வருது. இதே நிலைமையில இருக்கற நண்பர்கள் நிறைய பேர் இருப்பீங்கன்னு தெரியும். பாசத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சுட்டு கணக்கைப் பார்ப்போம்.

முதல்ல உடம்பு.

போன தடவை விசிட்டர் விசாவுல வந்தப்போ அப்பாவுக்கு ஒரு ராத்திரி நெஞ்சு வலி. எமர்ஜென்ஸிக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு நாள் வச்சுப் பார்த்தாங்க. கடைசியில வெறும் கேஸ் டிரபிள். பில்லு மட்டும் 14 ஆயிரம் டாலர். நாங்க வாங்கி வச்சிருந்த விசிட்டர் இன்ஷூரன்ஸ்காரங்க, "இவருக்கு ஏற்கெனவே பிரஷர் இருக்கு, இது பழைய வியாதி"ன்னு கையை விரிச்சுட்டாங்க. மாமா ஆஸ்பத்திரியோட பேசிப் பேசி கொஞ்சம் குறைச்சு, மீதியை தவணையில கட்டி முடிச்சார்.

அக்காவோட வாதம் இங்கேதான் ஆரம்பிக்குது. "கிரீன் கார்டு இருந்தா இந்தத் தொல்லையே இல்லடா." பாதி சரி. கார்டு வந்தா மார்க்கெட்பிளேஸ்ல முறையான இன்ஷூரன்ஸ் வாங்கலாம். பழைய வியாதின்னு தள்ள முடியாது. ஆனா வந்த 60 நாளுக்குள்ள வாங்கிடணும், விட்டா அடுத்த சீசன் வரைக்கும் காத்திருக்கணும். மானியம் உண்டான்னு பார்க்க வருமானம் கேட்பாங்க. அக்கா தன் டாக்ஸ் ரிட்டர்ன்ல இவங்களை டிபெண்டண்டா காட்டினா, அவ சம்பளம்தான் கணக்கு.

"65 ஆனா மெடிகேர் இருக்கே?"ம்பாங்க. இங்க வேலையே பார்க்காம புதுசா வந்தவங்களுக்கு, கிரீன் கார்டோட தொடர்ந்து 5 வருஷம் இங்கயே வாழ்ந்த பிறகுதான் அது. அப்பவும் சும்மா இல்லை. 2025 கணக்குப்படி பார்ட் ஏ மாசம் 518 டாலர், பார்ட் பி 185 டாலர். ஆளுக்கு 703. ரெண்டு பேருக்கு 1,406. பல்லு, கண்ணு இதுல பெரும்பாலும் வராது. ஊருக்குப் போயிருக்கும்போது கும்பகோணத்துல உடம்பு சரியில்லைன்னா மெடிகேர் பத்து பைசா தராது.

இன்னொண்ணு, ஸ்பான்சர் பண்றவங்க கையெழுத்துப் போடற ஐ-864 பேப்பர். எல்லாரும் விசா ஃபார்ம்ல ஒண்ணுன்னு நினைச்சு போட்டுடறாங்க. அது அரசாங்கத்தோட போடற ஒப்பந்தம். வந்தவங்க சிட்டிசன் ஆகற வரைக்கும், இல்லைன்னா கிட்டத்தட்ட 10 வருஷ வேலைக் கணக்கு சேர்ற வரைக்கும், இல்லைன்னா நிரந்தரமா திரும்பிப் போற வரைக்கும் அந்தப் பொறுப்பு தீராது. நடுவுல வேலை போனாலும் பொறுப்பு போகாது.

அடுத்தது போக்குவரத்து. அதாவது இந்தியா போயிட்டு வர்றது.

அப்பா ரொம்ப சாதாரணமா சொன்னார்: "ஆறு மாசம் அங்க, ஆறு மாசம் இங்க இருந்துக்கறோம்." கிரீன் கார்டு அதுக்கானது இல்லைப்பா. பேர்லயே "நிரந்தரக் குடியிருப்பு"ன்னு இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல வெளியில இருந்தா கார்டு கதை கந்தல். ரீ-என்ட்ரி பெர்மிட் வாங்கலாம், 2 வருஷம் வரைக்கும் செல்லும், ஆனா அதுக்கு விண்ணப்பிக்கும்போது ஆள் அமெரிக்காவுல இருக்கணும். ஆறு மாசம், ஆறு மாசம்னு போயிட்டு வந்தாலும் ஏர்போர்ட்ல "நீங்க நிஜமா இங்கதான் வாழறீங்களா?"ன்னு கேள்வி வரும். பார்த்தா, அப்பா கேக்கற வாழ்க்கைக்கு பத்து வருஷ விசிட்டர் விசாவே கொஞ்சம் பக்கத்துல வருது. அதுலயும் வருஷா வருஷம் ஆறு மாசம் முழுசா தங்கினா கேள்வி கேப்பாங்கதான். கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டுட்டு, நடுவுல விசிட்டரா வர்றேன்னா அதுவும் சிக்கல். இங்க தங்கற எண்ணம்னு எழுதியே குடுத்துட்டோமே.

மூணாவது காசு, பேப்பர்.

அப்பாவோட உலகமே பாஸ்புக்குல இருக்கு. நிரந்தரமா வெளிநாடு போனா சாதா சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓ கணக்கா மாத்தணும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல புதுசா கணக்கு தொடங்க முடியாது. இந்தப் பக்கம் கிரீன் கார்டு வந்த நாள்லேர்ந்து அமெரிக்காவுக்கு உலக வருமானக் கணக்கு காட்டணும். கும்பகோணத்து எஃப்டி வட்டியும் அதுல சேர்த்தி. வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துல ஒரே ஒரு நாள் 10,000 டாலர் தாண்டினாலும் எஃப்பார்னு ஒரு அறிக்கை தரணும். மியூச்சுவல் ஃபண்டு வச்சிருந்தா ஃபார்ம் 8621, ஃபண்டுக்கு ஒண்ணு. வாழ்நாள் பூரா ஒழுங்கா வரி கட்டின மனுஷனை 67 வயசுல தெரியாத்தனமா குத்தவாளி ஆக்கறதுக்கு இது போதும்.

ஓடிபி இன்னொரு கூத்து. பேங்கு, ஆதார் எல்லாம் ஊர் நம்பர்ல இருக்கு. ரீசார்ஜ் பண்ண மறந்தா நம்பர் போச்சு, நம்பர் போனா கணக்கே பூட்டு. நவம்பர் மாசம் லைஃப் சர்டிபிகேட் வேற கொடுக்கணும், உயிரோட இருக்கேன்னு. விசிட்டரா வர்றவங்களுக்கும் இது பொருந்தும், குறிச்சுக்கோங்க. மாத்திரைச் சீட்டுல மருந்தோட மூலப் பேரையும் டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. பாரசிட்டமாலுக்கே இங்க பேரு அசிட்டமினோஃபென்.

இது எல்லாத்தையும் காசும் பொறுமையும் இருந்தா சமாளிச்சுடலாம். எனக்கு நிஜமான பிரச்னை நாலாவது. காலு.

அப்பா ஊர்ல காலையில அஞ்சரைக்கு எழுந்து மகாமகக் குளத்தைச் சுத்தி நடப்பார். டிகிரி காபி, பேப்பர், ரெண்டு பேரோட அரசியல் சண்டை. பத்து மணிக்கு பேங்க், இல்லைன்னா ஈபி பில். அம்மாவுக்கு சாயங்காலம் கோயில், வழியில காய்கறிக்காரம்மாவோட பேரம். இதுல எதுக்கும் யாரையும் கேக்க வேண்டியதில்லை. அக்கா வீட்ல, கார் ஓட்டத் தெரியாதவங்களுக்கு எங்கேயும் போக வழி இல்லை. நடைபாதை தெரு முனையோட முடிஞ்சுடும். பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலுக்கு வார இறுதியில மாமா கூட்டிட்டுப் போகணும். போன தடவை நாலாவது மாசம் அப்பா மெயில் பாக்ஸை ஒரு நாளைக்கு மூணு தடவை போய்த் திறந்து பார்த்துக்கிட்டு இருந்தார். அவருக்கு யாரு லெட்டர் போடப்போறாங்க? அந்தப் பெட்டி வரைக்கும் நடக்க ஒரு காரணம், அவ்வளவுதான். ஆயுசு பூரா தபால்ல இருந்த மனுஷன்.

அதே மனுஷன், எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுல கொண்டு போய் இறக்கிவிட்ட அன்னிக்கு வேற ஆளு. கடை கடையா ஏறி இறங்கி, ஒரு குஜராத்தி தாத்தாவோட அரைகுறை இந்தியில ஒரு மணி நேரம் பேசினார். அதனால நான் அக்காகிட்ட சொன்னது இதுதான்: கூப்பிடறதா இருந்தா முதல்ல வீட்டை மாத்து. அவங்க நடந்து போற தூரத்துல கடை, பஸ், நாலு மனுஷங்க இருக்கற இடத்துக்குப் போ. அது முடியாதுன்னா கார்டு பேச்சை எடுக்காதே. பேரனைப் பார்த்துக்க ஆள் வேணும்னா அதையும் வெளிப்படையா சொல்லிடு, அதுல தப்பில்லை. ஆனா அதை "உங்க நல்லதுக்குத்தான்"னு சொல்லாதே.

அக்கா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் ஒண்ணு கேட்டா. "சரிடா. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா பாத்ரூம்ல விழுந்தா? ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் மிஞ்சினா? அப்போ அந்தத் தெருவும் காபியும் என்ன பண்ணும்?"

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. இப்போதைக்கு என் கட்சி இவ்வளவுதான்: ரெண்டு பேரும் நடமாடற வரைக்கும் விசிட்டரா வந்து போகட்டும், செலவு என்னோடது. நல்ல இன்ஷூரன்ஸை ஊர்ல இப்பவே எடுத்து வைப்போம். முடியாத காலம் வரும்போது அவங்களையே கேப்போம். முக்கியமா, கேக்கறதுக்கு முன்னாடியே பதிலை நாம முடிவு பண்ணி வைக்காம இருப்போம்.

இத்தனை நாள் பேசினோம். வரி, விசா, மெடிகேர்னு எல்லாம் அலசியாச்சு. நாங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் ஊருக்குத் திரும்பிப் போறதுங்கற வழியை மட்டும் அவளும் சொல்லலை, நானும் சொல்லலை. நேத்து போன்ல அப்பாகிட்ட "நீங்க என்னப்பா நினைக்கறீங்க?"ன்னு கேட்டேன். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, மாடி போர்ஷனை வாடகைக்கு விடாம காலியாத்தான் வச்சிருக்கேன்"னார்.