குகைப் படிவில் நுண்ணுயிர்: எதைச் சான்று என்போம்?

சரவாக்கின் நியா, முலு குகைகளின் வாயிலருகே, வெளிச்சம் எட்டும் தூரத்தில், நிமிர்ந்து நிற்காத கல்முளைகள் உண்டு. அவை வெளிச்சம் வரும் பக்கமாக நீண்டும் வளைந்தும் வளர்கின்றன. மேலிருந்து சொட்டும் நீருக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது தெரியாது. கல்லின் மேல் ஒளிச்சேர்க்கை செய்து வாழும் சயனோபாக்டீரியாவுக்குத் தெரியும். மிரியிலுள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் டாட்ஜ்-வானும் டெங்கும் 2013இல் இவற்றை விவரித்தபோது, இக்கற்களின் வளர்ச்சியில் உயிரின் பங்கு இருக்கிறது என்று வாதிட்டார்கள். குகைக்குள் வீசும் காற்றும் ஒரே திசையில்தான் வரும், அதுவும் சொட்டைச் சாய்க்கும் என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்புதான். ஆனால் மேற்பரப்பில் உயிரோடு இருக்கும் படலத்தையும் கல்லின் உள்ளடுக்குகளையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்த மறுப்பு பெரிதும் வலுவிழக்கிறது. நம் வட்டாரத்தில் கிடைத்த நல்ல சான்று இது.

இதை முதலில் சொல்லக் காரணம், இத்துறையில் எழுதப்படும் பலவற்றில் இவ்வளவு வலுவான சான்று இருப்பதில்லை என்பதே. மண்ணின் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இறங்கும் நீர் சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. குகைக் காற்றில் அந்த வாயு குறைவு. எனவே சொட்டிலிருந்து அது வெளியேற, கால்சைட் படிகிறது. இதற்கு உயிர் எதுவும் தேவையில்லை. ஈரமான எந்தப் பரப்பிலும் பாக்டீரியா குடியேறும். ஆகவே மின்னணு நுண்ணோக்கியில் கால்சைட் போர்த்திய குச்சி வடிவம் ஒன்றைக் கண்டதும் 'இது செய்தது, அது உண்டானது' என்று முடித்துவிட முடியாது. படிந்துகொண்டிருந்த கல்லுக்குள் அது வெறுமனே சிக்கியிருக்கலாம்.

வளர்ப்புத் தட்டில் படிகம் உண்டாவதும் போதாது. மண் பாக்டீரியாக்களிடம் கால்சைட் உண்டாக்கும் திறன் பொதுவான இயல்பு என்று பொக்கேயும் சகாக்களும் 1973இலேயே 'நேச்சர்' இதழில் காட்டிவிட்டார்கள். அதற்கு உதவிய பி-4 ஊடகத்தில் லிட்டருக்கு 2.5 கிராம் கால்சியம் அசிடேட், 4 கிராம் ஈஸ்ட் சாறு, அதற்கு மேல் குளுக்கோஸ். குகைச் சொட்டு நீரில் கரிமப் பொருள் பெரும்பாலும் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். கல்யாணப் பந்தியில் ஒருவர் சாப்பிடுவதை வைத்து அவர் வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

இந்தியாவில் சுஷ்மிதா பாஸ்கரும் ராமநாதன் பாஸ்கரும் சகாக்களும் செய்த வேலையை நான் மதிப்பது இந்தப் பின்னணியில்தான். ஆந்திராவின் போரா குகைகள் பற்றி 2007இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதியபோதும், மேகாலயாவின் மாவ்ஸ்மாய், க்ரெம் பில்லட் குகைகள் பற்றி 2009இல் எழுதியபோதும், 'சான்றுகள்' என்ற அளவோடுதான் நின்றார்கள். இந்த நிதானம் நமக்கும் வேண்டும்.

ஜொகூரில் பேர் சொல்லும்படியான சுண்ணக்கல் குகை இல்லை. ஆனால் அங்குள்ள பாரிட் ராஜாவில், துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்தில், பாக்டீரியா கலந்த கான்கிரீட் ஆராயப்பட்டு வருகிறது. இத்தகைய ஆய்வுகளில் பரவலாகப் பயன்படும் வழி ஒன்று உண்டு: யூரியேஸ் நொதி யூரியாவை உடைக்கும், அம்மோனியா காரத்தன்மையைக் கூட்டும், கால்சைட் படியும். வௌவால் எச்சம் குவியும் நம் குகைகளில் யூரியாவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதே அம்மோனியாவை வேறு பாக்டீரியா நைட்ரிக் அமிலமாக மாற்றினால் கல் கரையும். சபாவின் கோமந்தோங் குகைச் சுவர்கள் உருவான பின்னும் உயிரினங்களால் எவ்வளவு அரிக்கப்பட்டன என்று லண்ட்பெர்கும் மெக்ஃபார்லேனும் 2012இல் எழுதினார்கள். முலுவிலோ, படிவை வளர்க்கும் அதே வெளிச்சத்தில் சுண்ணக்கல்லைத் துளைத்து ஊசிகளாக்கும் நுண்ணுயிர்களும் வாழ்கின்றன. படிவதை மட்டும் எண்ணி, கரைவதை விட்டுவிடும் ஆய்வு பாதி ஆய்வுதான்.

கான்கிரீட் ஆய்வகங்களில் இருப்பவர்களிடம் அளவிடும் கருவியும் பழக்கமும் இருக்கின்றன. குகைக்காரர்களிடம் மாதிரிகள் இருக்கின்றன. இரு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் செய்யக்கூடியது எளிது. உண்மையான சொட்டு நீரையே ஊடகமாக வைத்து, உயிருள்ள செல், கொல்லப்பட்ட செல், செல்லே இல்லாத நீர் என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்ட வேண்டும். இறந்த செல்லின் சுவரும் கால்சியத்தைப் பிடித்துப் படிகத்துக்கு இடம் கொடுக்கும் என்பதால் நடுவிலுள்ளதைத் தவிர்க்கவே கூடாது. பலர் தவிர்ப்பது அதைத்தான்.

கோயில் குகைகளில் வேலை பார்க்கும் பொறியாளர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மின்விளக்கு பொருத்தும் இடங்களில் பச்சைப் படலம் வளர்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது கல்லின் மேல் புதிதாகக் குடியேறிய சமூகம். முன்பு அங்கிருந்ததை அது மறைத்துவிடும். பிளீச் ஊற்றிக் கழுவும் முன், விளக்கு எட்டாத பக்கத்திலிருந்து சிறு சுரண்டல் மாதிரி ஒன்றும் அதே இடத்துச் சொட்டு நீரும் எடுத்து, தேதியும் இடமும் குறித்துக் குளிரில் வையுங்கள். கழுவிய பிறகு எடுக்கும் மாதிரி, படிவில் உயிருக்குப் பங்கு உண்டா என்ற கேள்விக்கு உதவாது.